ஆறு கிலோ பச்சை

தினாரிக் மலைகளில்
ஆறுகளுக்கு வெளியே தங்கும் பழக்கம் கிடையாது.
ஒரு சமவெளி நீளத்துக்கு வெயிலில் வரும்,
வாத்துகள் நீந்தும், யாரோ வாளி கழுவுவார்கள்,
பிறகு ஒரு பாறை வாய் திறந்திருக்கும்.
உள்ளே போய்விடும்.
அடுத்த பள்ளத்தாக்கில் வேறு பெயரில் எழுந்து வரும்,
கடன்காரனுக்குப் பயந்து ஊர் மாறியவன் போல.

எல்லாம் சுண்ணாம்புக்கல்.
கடலடியில் கிளிஞ்சல்கள் செத்துச் செத்துச் சேர்ந்த உயரம்.
போஷிதார் இந்த மலையைக் கரைத்துக் குடித்தவன்
என்பார்கள் அலுவலகத்தில்.
கரைத்துக் குடித்தது மழைதான், என்பான் அவன்.
நான் வரைபடத்தை மடிக்கிறேன்,
மடித்த இடத்தில் கிழிகிறது.

நதிமூலம் கேட்காதே என்கிற மொழியில்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
அவர்களுக்குச் சம்பளமே அதைக் கேட்பதற்குத்தான்.

நவம்பர் நான்கு, காலை ஏழு பத்து.
ஆறு விழும் துளையின் விளிம்பில் முழங்காலிட்டு
ஆறு கிலோ சாயத்தைக் கொட்டினான்.
டப்பாவில் செங்கல் தூள்.
தண்ணீர் பட்டதும் பச்சை,
கிளிக்கே கூச்சம் வரும் பச்சை.
மூன்று நிமிடம் இருந்தது.
மலை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதது போல் நின்றது.

பதினெட்டு கிலோமீட்டருக்கு அப்பால்,
மேலே மட்டும் இருக்கிற ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டி,
பெரிய ஊற்றின் அருகே ஒரு வேனில் திஹானா.
நான்கு மணிக்கு ஒரு சீசா.
விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பாள்.
நோட்டில் எழுதுவாள்: இல்லை.

இடைப்பட்ட நேரத்தில் குழிகளுக்குள் இறங்கினாள்.
இங்கே காடு தலைகீழ்.
விளிம்பில் பீச் மரங்கள்,
இறங்க இறங்க ஊசியிலை,
அடியில் இடுப்பளவு வளர்ந்து குளிரில் நின்றுபோன புதர்,
அதற்கும் கீழே
ஜூன் மாதத்தையும் பார்த்துவிட்டுப் போகும் பனி.
மலை ஏறினால் குளிரும் என்பதெல்லாம்
வேறு மலைகளுக்கு.

ஏழாம் நாள் போரா காற்று.
வேன் கதவைத் திறந்தால் மூட முடியவில்லை.
அன்றைய சீசாக்களில் இரண்டு
கையிலிருந்து பறந்து போயின, நிரப்பும் முன்பே.
இல்லை.

பதினோராம் நாள் மழை.
கீழே மாத்தே என்பவனின் உருளைக்கிழங்கு வயலில்
தரையின் துளைகள் வழியே தண்ணீர் மேலேறியது.
இரண்டு இரவில் ஏரி.
அவன் அலட்டிக்கொள்ளவில்லை.
கொட்டகைச் சுவரில் அரிவாளுக்குப் பக்கத்து ஆணியில்
துடுப்பு தொங்குகிறது;
அரிவாளை மாட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தான்.
பங்குனிக்குள் போய்விடும், வந்த வழி அதற்குத் தெரியும்
என்பதை அவன் பாஷையில் சொன்னான்.

அன்றிரவு ஊற்று எதையோ கக்கியது.
ஒரு சாண் நீளம், குழந்தை விரல் நிறம்,
கழுத்தோரம் சிவப்புக் குஞ்சம்,
கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.
வெள்ளம் தள்ளிக்கொண்டு வந்த குகைப் பிராணி.
திஹானா அதை வாளியில் ஏந்தி
நீர் அமைதியான மூலையில் விட்டாள்.
பிறகு கைக்கடிகாரம் பார்த்தாள். சீசா.
இல்லை.

பத்தொன்பதாம் நாள்
நூற்றுப் பதினான்காவது இல்லையை எழுதும்போது
தொலைபேசி.
வடக்கே, யாரும் குறி வைக்காத கிளைப் பள்ளத்தாக்கில்,
பன்றி வளர்க்கும் மாந்தா என்கிற பெண்மணி
போஷிதாரைத் திட்டிக்கொண்டிருக்கிறாளாம்:
என் நான்கு படுக்கை விரிப்பும் பச்சை!
யார் பதில் சொல்வது?

அவன் ஓடினான். கொல்லையில் ஓர் ஊற்று,
வரைபடத்தின் கிழிசலுக்குள் சரியாக விழுந்த ஊற்று.
விரிப்பைச் சாட்சிக்குக் கேட்டான்.
ஏற்கனவே வேகவைத்து வெளுத்துவிட்டேன் என்றாள்.
கொடியில் நான்கும் வெள்ளையாய் அடித்துக்கொண்டன.

கணக்குப் போட்டதில் அங்கே வந்தது இரண்டு கிலோ.
மீதி நான்கு
உள்ளே எங்கோ ஓடுகிறது, அல்லது தேங்கி நிற்கிறது,
கண் இல்லாதவை அதனூடே நீந்திப் போகின்றன,
இருட்டில் அது பச்சையே இல்லை.

வேனைக் கிளப்பு, திரும்பி வா என்றான் போஷிதார்.
சரி என்றாள்.
நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.
சீசாவின் மூடியைத் திருகினாள்.